அந்தக் கொலையை வேறு ஊரில் செய்ய முடியுமா?

துப்பறியும் நாவல் ஒன்றைப் படித்து முடித்ததும் நான் ஒரு காரியம் செய்து பார்ப்பதுண்டு. கதை நடந்த ஊரை உருவிவிட்டு, அந்த இடத்தில் வேறு ஊரை வைத்துப் பார்ப்பேன். நைல் நதிக் கப்பலுக்குப் பதில் ஆலப்புழையில் ஒரு படகு வீடு. பனி மூடிய ஸ்வீடன் சிற்றூருக்குப் பதில் கொடைக்கானல். அதே ஆட்கள், அதே பிணம், அதே துப்பு. கதை அப்படியே நின்றால் அந்த ஊர் வெறும் திரைச்சீலை. கதை நொண்டினால் ஊர் கொஞ்சம் வேலை செய்திருக்கிறது. கதை மொத்தமும் சரிந்து விழுந்தால், அந்த எழுத்தாளரின் மற்றப் புத்தகங்கள் எங்கே கிடைக்கும் என்று தேட ஆரம்பித்துவிடுவேன்.

அகதா கிறிஸ்டி இந்தச் சோதனையில் பெரும்பாலும் தோற்றுப்போவார். அதனால் அவர் மட்டம் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கணவர் மேக்ஸ் மல்லோவன் தொல்லியலாளர். அவரோடு ஈராக்கிலும் சிரியாவிலும் அகழாய்வுக் கூடாரங்களில் வருடக்கணக்கில் இருந்தவர் கிறிஸ்டி. ஆனாலும் 1937ல் வந்த நைல் நதி நாவலில் எகிப்து ஜன்னலுக்கு வெளியேதான் இருக்கிறது. 1944ல் நாலாயிரம் வருஷத்துக்கு முந்தைய எகிப்தில் வைத்து ஒரு குடும்பக் கொலைக்கதை எழுதினார். அந்தக் குடும்பத்தையும் அப்படியே தூக்கி இங்கிலாந்துக் கிராமத்தில் வைக்கலாம், தேநீர் நேரத்துக்குச் சரியாக வந்து உட்காருவார்கள். அவருடைய உண்மையான ஊர் மருந்துக்கூடம் என்பேன். முதல் உலகப் போரின்போது டார்க்கீ ஊர் மருத்துவமனையில் மருந்து கலக்கும் வேலை பார்த்தவர். 1920ல் வந்த முதல் நாவலில் ஸ்ட்ரிக்னின் என்ற விஷம் பாட்டிலின் அடியில் எப்படிப் படியும் என்பதுதான் முடிச்சே. அந்த அலமாரிக்கு முன்னால் அவரை அசைக்க முடியாது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் இங்கிலாந்து எழுத்தாளர் எச்.ஆர்.எஃப். கீட்டிங். பம்பாய் இன்ஸ்பெக்டர் கோட்டே என்ற பாத்திரத்தை 1964ல் உருவாக்கி, சுமார் பத்து வருஷம் பம்பாயை நேரில் பார்க்காமலே எழுதிக்கொண்டிருந்தார். பரிசும் வாங்கினார். அந்த நாவல்களின் பம்பாய் படித்துச் சேர்த்த பம்பாய்தான். ஆங்கிலம் பேசும் விதம் நம்மைக் கொஞ்சம் நெளிய வைக்கும். ஆனால் மேலதிகாரி போன் செய்தால் கோட்டேக்கு வயிற்றைக் கலக்குமே, அது சரியாக இருக்கிறது. எந்த ஊர் அலுவலகத்தில் இருந்தவனுக்கும் அது தெரியும்.

நான் இந்தப் பழக்கத்துக்கு வந்த வழி நம் ஊர் வழிதான். பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் கிளிப் போட்டுத் தொங்கும் மாத நாவல்கள். ராஜேஷ்குமாரின் விவேக், ரூபலா; பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத், சுசீலா; சுபாவின் நரேன், வைஜயந்தி. சாணித்தாளில் அச்சடித்த புத்தகம், கை மாறிக் கை மாறி வருவதற்குள் பின் கழன்று நடுவில் ஒரு கொத்துத் தாள் உதிர்ந்திருக்கும். கொலைகாரன் யார் என்பது அந்தக் கொத்தில்தான் போயிருக்கும். ஆயிரத்தைந்நூறுக்கு மேல் நாவல் எழுதிய ராஜேஷ்குமாரிடம் ஒரு வித்தை உண்டு: சம்பந்தமே இல்லாத இரண்டு கதைகளை அத்தியாயம் மாற்றி அத்தியாயம் ஓட்டிக்கொண்டே வந்து, கடைசியில் ஒரே இடத்தில் மோத விடுவார். எங்கே மோதும் என்று ஊகிப்பதே ஒரு விளையாட்டு. வேகத்துக்கு அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஆனால் ஊர்? ஊட்டி என்றால் எஸ்டேட் பங்களா, சென்னை என்றால் கடற்கரைச் சாலையில் ஒரு கெஸ்ட் ஹவுஸ். இரண்டையும் இடம் மாற்றினால் குளிர் ஒன்றுதான் குறையும். சுஜாதாவின் ‘கரையெல்லாம் செண்பகப்பூ’ கொஞ்சம் விதிவிலக்கு. நாட்டுப்பாடல் சேகரிக்க ஒருவன் கிராமத்துக்குப் போய் ஜமீன் வீட்டில் தங்குகிறான் என்பதே வேறு மண்ணில் சட்டென்று முளைக்காத தொடக்கம். படித்த காலத்தில் எனக்கு இதெல்லாம் தோன்றவில்லை, கொலைகாரன் யார் என்று தெரிந்தால் போதும் என்றிருந்தது. அந்த ஆசையை மாற்றியது ஒரு ஜப்பானியர்.

செய்ச்சோ மட்சுமோட்டோவின் ‘புள்ளிகளும் கோடுகளும்’. 1957ல் ஒரு பயண இதழில் தொடராக வந்து மறுவருஷம் புத்தகமானது. பயண இதழில் கொலைக்கதையா என்றால், ஆமாம், இந்தக் கதைக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. தென்கோடித் தீவான கியூஷூவில் ஃபுக்குவோக்காவுக்குப் பக்கத்தில் காஷீ என்று ஒரு கடற்கரை. குளிர்கால விடியலில் வேலைக்குப் போகிறவர் ஒருவர் பாறைமேல் இரண்டு பேர் கிடப்பதைப் பார்க்கிறார். ஓர் ஆண், ஒரு பெண், பக்கத்தில் ஜூஸ் பாட்டில், அதில் சயனைடு. ஆண், லஞ்ச விசாரணையில் இருக்கும் ஓர் அமைச்சகத்தின் நடுத்தட்டு அதிகாரி. பெண், டோக்கியோ உணவு விடுதி ஒன்றில் பரிமாறுகிறவள். பார்த்தவுடனே எல்லாருக்கும் புரிந்துவிடுகிறது: காதலர்கள், சேர்ந்து செத்துவிட்டார்கள். ஜப்பானில் அதற்கு முந்நூறு வருஷ இலக்கியப் பாரம்பரியமே இருக்கிறது. பொம்மலாட்ட மேடையில் அழுது பார்த்த கதை. போலீசும் கோப்பை மூடப் பார்க்கிறது.

உள்ளூர்ப் போலீசில் தோரிகாய் என்று ஒரு வயசான ஆள். நைந்த கோட்டு, பதவி உயர்வு எதுவும் கிடையாது. அவர் செத்தவனின் பையைத் துழாவும்போது ரயில் உணவுப்பெட்டியின் ரசீது ஒன்று கிடைக்கிறது. அதில் ‘ஒரு நபர்’ என்று போட்டிருக்கிறது. அவ்வளவுதான் துப்பு. காதலியோடு சாகப் போகிறவன், அவளை இருக்கையில் உட்காரவைத்துவிட்டுத் தான் மட்டும் போய்ச் சாப்பிடுவானா? ஒருவேளை அவளுக்குப் பசிக்கவில்லையோ என்று மேலதிகாரி கேட்கிறார். தோரிகாய் வீட்டுக்குப் போய் யோசிக்கிறார். பசிக்காவிட்டாலும் கூடப் போய் எதிரில் உட்கார்ந்து ஒரு காபியாவது குடிப்பாள் அல்லவா? இந்த ஒரு கேள்வியில் நான் புத்தகத்துக்குள் விழுந்தேன்.

அப்புறம் அந்தப் பிளாட்பாரம். இரண்டு பேரும் டோக்கியோ ஸ்டேஷனின் 15ஆம் நடைமேடையில் ‘அசாகாஸே’ என்ற இரவு விரைவு வண்டியில் சேர்ந்து ஏறியதைப் பார்த்த சாட்சிகள் இருக்கிறார்கள். அவர்கள் நின்றது 13ஆம் நடைமேடையில். நடுவிலுள்ள தண்டவாளங்களில் எந்நேரமும் ஏதாவது வண்டி நின்று மறைத்துக்கொண்டிருக்கும். ஒரு நாளில் அந்த வண்டி நிற்கும் நேரத்தில், மாலை 5.57லிருந்து 6.01 வரை, நான்கே நிமிஷம்தான் 13லிருந்து 15 தெரியும். அந்த நான்கு நிமிஷத்தில் சாட்சிகளை அங்கே கூட்டிவந்து நிறுத்தியவன் ஒருவன். ரயில்வே ஊழியரிடம் கேட்டு இதைக் கண்டுபிடிக்கும் டோக்கியோ இளம் அதிகாரி மிஹாராவுக்கு, இது தற்செயல் இல்லை என்று உறைக்கிறது. ஆனால் அந்த ஆளோ, சாவு நடந்த சமயம் நான் நாட்டின் மறுகோடியில் ஹொக்கைதோவில் இருந்தேன் என்கிறான். ஸ்டேஷனில் வரவேற்றவர் இருக்கிறார், படகுப் பயணிகள் பட்டியலில் பெயர் இருக்கிறது.

இதை நம் ஊருக்குத் தூக்கி வந்து பாருங்கள். எழும்பூரில் நான்கு நிமிஷ இடைவெளியை நம்பி எவனாவது கொலைத்திட்டம் போடுவானா? வண்டி நாற்பது நிமிஷம் தாமதம் என்று அறிவிப்பு வந்த உடனே சதி கலைந்துவிடும். ரயில் சொன்ன நேரத்துக்கு வரும் என்று கொலைகாரனும் போலீசும் வாசகரும் ஒருசேர நம்புகிற நாட்டில்தான் இந்தக் கதையை எழுத முடியும். அதுகூடப் பாதிதான். ஜோடியாகக் கிடந்தால் காதல் தற்கொலை என்று ஊரே ஒப்புக்கொள்ளும் வழக்கம் அங்கே இருக்கிறது. லஞ்ச விசாரணை வந்தால் நடுத்தட்டு அதிகாரி ஒருவர் செத்துப்போய் மேலே இருப்பவர்களைக் காப்பாற்றுவார் என்ற எண்ணமும் அங்கே இருக்கிறது. கொலைகாரன் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஊர் ஏற்கெனவே எதை நம்புகிறதோ அதற்குள் பிணத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டான்.

நாவலில் என்னை இன்றும் விடாத இடம் ஒன்று உண்டு. சந்தேகத்துக்குள்ளானவனின் மனைவி காசநோயாளி. காமக்குராவில் படுக்கையிலேயே கிடக்கிறவள். அவளுக்குப் பிடித்த வாசிப்பு ரயில்வே கால அட்டவணை. ஒரு சிற்றிதழில் அதைப் பற்றிக் கட்டுரையே எழுதியிருக்கிறாள். இந்த நிமிஷத்தில் எந்தெந்த ஸ்டேஷனில் எந்தெந்த வண்டி எதிரெதிரே சந்தித்துக்கொள்கிறது என்று பார்த்தபடி, போக முடியாத ஊர்களுக்கெல்லாம் படுத்தபடியே போய்வருகிறாள். கொலைக்கதையின் நடுவில் இப்படி ஒரு பக்கம் வந்து உட்காரும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? முடிவைச் சொல்லவில்லை, படித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஜப்பான் வரைபடம் ஒன்று இருந்தால் நல்லது. 1964ல் ஷின்கான்சென் அதிவேக ரயில் வந்ததும் அந்த அட்டவணைக் கணக்கெல்லாம் பழசாகிவிட்டது. நாவல் பழசாகவில்லை.

மட்சுமோட்டோவின் சாட்சிகள் நல்லவர்கள். பழக்கடைக்காரர், ரயில் பயணி, விடுதிக்காரர், யாரைக் கேட்டாலும் நினைவுபடுத்திக்கொண்டு மரியாதையாகச் சொல்வார்கள். அங்கிருந்து நேராக இத்தாலியின் சிசிலித் தீவுக்குப் போனால் தலை சுற்றும்.

லியோனார்டோ ஷாஷா ரகால்முத்தோ என்ற சிசிலி ஊரில் 1921ல் பிறந்தவர், பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1961ல் வந்த அவருடைய ‘ஆந்தையின் பகல்’ நூற்றுச் சொச்சம் பக்கம்தான். இதைச் சுருக்குவதற்கு ஒரு வருஷம் பிடித்தது என்று பின்குறிப்பில் எழுதியிருக்கிறார். யார் யாரெல்லாம் கோபித்துக்கொள்வார்கள் என்று பார்த்துப் பார்த்து வெட்டினாராம்.

விடியற்காலை. சதுக்கத்தில் பலேர்மோ பஸ் கிளம்பப்போகிறது. கருப்பு சூட் போட்ட ஆள் ஒருவன் ஓடிவந்து படியில் கால் வைக்கிறான். இரண்டு குண்டு. விழுகிறான். பஸ் நிறைய ஜனம். போலீஸ் வருவதற்குள் பயணிகள் ஒவ்வொருவராக, அவசரமே காட்டாமல், இறங்கி நழுவுகிறார்கள். மிஞ்சியது டிரைவரும் கண்டக்டரும். பஸ்ஸில் யார் யார் இருந்தார்கள்? டிரைவருக்கு நினைவில்லை, ரோட்டைப் பார்த்து ஓட்டுகிறவன், முகத்தையா பார்ப்பான்? கண்டக்டருக்கும் ஒரு முகமும் ஞாபகம் வரவில்லை. பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே கடலைமாவுப் பலகாரம் விற்றுக்கொண்டிருந்தவனும் காணாமல் போயிருந்தான். அவனைத் தேடிப் பிடித்து வந்து, சுட்டது யார் என்று கேட்டால், அவன் ஆச்சரியமும் ஆர்வமுமாகத் திருப்பிக் கேட்கிறான்: ஏன், யாராவது சுட்டாங்களா?

முதல் முறை படித்தபோது சிரித்துவிட்டேன். பக்கத்தைத் திருப்பாமல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன். அவன் பொய் சொல்லவில்லை பாருங்கள், கேள்விதான் கேட்கிறான்.

விசாரணைக்கு வரும் கேப்டன் பெல்லோடி வடக்கே பார்மா ஊர்க்காரர். செத்தவன் சிறிய கட்டடக் கூட்டுறவு நடத்தியவன். ‘பாதுகாப்பு’ மாமூலுக்கு ஒத்துக்கொள்ளாதவன். அவன் சகோதரர்களும் கூட்டாளிகளும் வந்து வரிசையாக உட்கார்ந்து, எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்கிறார்கள். பெல்லோடி வாக்குவாதம் செய்யவில்லை. ஆளுக்கொரு தாளைக் கொடுத்துப் பெயரும் பிறந்த தேதியும் எழுதச் சொல்கிறார். ஏற்கெனவே அவர் மேசையில் ஒரு மொட்டைக் கடிதம் இருக்கிறது. கையெழுத்து யாருடையது என்று பார்க்கத்தான் இத்தனையும். வாய் திறக்காத ஊரில் உண்மை மொட்டைக் கடிதமாகத்தான் வரும் என்பது வடக்கத்தி ஆளுக்கும் தெரிந்துவிட்டது.

இந்த நாவலில் கொலைகாரன் யார் என்பது பாதியிலேயே தெரிந்துவிடும். பூட்டு அங்கே இல்லை. தெரிந்ததை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது என்பதில்தான் இருக்கிறது. கௌரவமான மனிதர்கள் வந்து, அந்த நேரத்தில் அந்த ஆள் என்னோடுதான் இருந்தான் என்று சாட்சி சொல்வார்கள். மாஃபியா என்று ஒன்று கிடையவே கிடையாது, அதெல்லாம் வடக்கத்திக் கட்டுக்கதை என்று பெரிய இடங்களில் பேசிக்கொண்டிருந்த காலம் அது. மாஃபியாவை விசாரிக்க இத்தாலிய நாடாளுமன்றம் குழு அமைக்கச் சட்டம் போட்டதே 1962 கடைசியில்தான். அந்தக் காலத்தில், கண்டுபிடித்தும் தோற்கிற துப்பறிவாளரை எழுத ஒரு தைரியம் வேண்டும்.

இப்படிப் படிக்க ஆரம்பித்த பிறகு, ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரே கேள்விதான் எனக்கு: இந்த ஊரில் உண்மை ஏன் உடனே வெளியே வரவில்லை?

டோனி ஹில்லர்மேன் எழுதிய, நவஹோ என்ற பழங்குடியினரின் போலீஸ் பற்றிய நாவல்களில் இதற்குக் கிடைக்கிற பதில் வேறு மாதிரி. அமெரிக்காவின் அரிசோனா, நியூ மெக்ஸிகோ, யூட்டா மூன்றிலும் பரவிக் கிடக்கும் நவஹோ நிலம் தமிழ்நாட்டில் பாதிக்கு மேல் இருக்கும். அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடுகள். சாட்சியை விசாரிக்கவே ஒரு பகல் வண்டி ஓட்ட வேண்டும். போய்ச் சேர்ந்ததும் கதவைத் தட்டக்கூடாது. வண்டியை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். வீட்டுக்காரர் தயாராகி வெளியே வந்து பார்த்தால்தான் இறங்கலாம். பிறகு, நான் இன்ன தாய்வழிக் குலம், இன்ன தகப்பன்வழிக் குலம் என்று சொல்லி உறவு பிடிக்க வேண்டும். எதிராளி பேசி நிறுத்தினாலும் உடனே வாய் திறக்கக்கூடாது, அவர் முடிக்காமல் இருக்கலாம். எஃப்.பி.ஐ.காரர்கள் இதில் ஒன்றையும் செய்யாமல் கேள்வியை வீசுவார்கள், ஒன்றும் கிடைக்காமல் திரும்புவார்கள். கொலை வழக்கு சட்டப்படி அவர்களுடையது; உண்மை கிடைப்பதோ பழங்குடிப் போலீஸ்காரர் ஜோ லீப்ஹார்னுக்கு.

பிணத்தின் மேலுள்ள பயம் இன்னொன்று. செத்தவரின் கெட்ட அம்சம் அங்கேயே சுற்றும் என்று நம்புகிறவர்கள், பிணத்தைத் தொடமாட்டார்கள், பெயரைச் சொல்ல மாட்டார்கள், சாவு விழுந்த வீட்டைக் கைவிட்டுப் போய்விடுவார்கள். கடைசியாக அவரைப் பார்த்தது எப்போது என்று பெயர் சொல்லிக் கேட்க முடியாத ஊரில் விசாரணை எப்படி நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். லீப்ஹார்ன் சூனியத்தை நம்புகிறவர் இல்லை. ஆனால் சூனியத்தை நம்புகிறவன் துப்பாக்கி எடுப்பான் என்பது அவருக்கு அனுபவம். ஹில்லர்மேன் நவஹோ அல்ல, வெள்ளைக்காரப் பத்திரிகையாளர். அதைக் குறித்து நியாயமான விமரிசனங்கள் உண்டு. நவஹோ மக்கள் 1987ல் அவரைச் சிறப்பு நண்பர் என்று கௌரவித்ததும் உண்டு. வெளியாள் எழுதலாமா என்ற கேள்விக்கு என் பதில், கீட்டிங்கையும் இவரையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள் என்பதுதான்.

ஸ்வீடனில் உண்மையை மறைப்பது காலம். மாய் ஷோவாலும் பேர் வாலோவும் சேர்ந்து 1965லிருந்து 1975க்குள் பத்து நாவல்கள் எழுதினார்கள். முதலாவது ‘ரோஸான்னா’. யோத்தா கால்வாயில் தூர் வாரும்போது ஒரு பெண்ணின் உடல் வருகிறது. யார் என்று தெரியவில்லை. ஒரு வாரம், ஒரு மாதம், யாரும் அவளைத் தேடவே இல்லை. கடைசியில் அமெரிக்காவில் நெப்ராஸ்காவிலிருந்து தகவல் வந்துதான் பெயர் தெரிகிறது. பிறகு போலீஸ் அதிகாரி மார்ட்டின் பெக்கும் சகாக்களும் அவள் போன உல்லாசப் படகின் பயணிகள் எல்லாருக்கும், பல நாடுகளில் சிதறிப் போனவர்களுக்கு, எழுதுகிறார்கள்: விடுமுறையில் எடுத்த போட்டோக்களை அனுப்புங்கள். எங்கேயோ ஒரு குடும்பம் கைகாட்டிச் சிரிக்கும் படத்தின் ஓரத்தில் செத்தவள் நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் ஒரு ஆள். பெக்குக்கு நடுவில் ஜலதோஷம், வயிற்றுக்கோளாறு, வீட்டில் மனைவியோடு மனஸ்தாபம். நம் மாத நாவலில் விவேக் ஒரு பஸ் பயணத்துக்குள் கேஸை முடித்துவிடுவார். இவர்கள் ஜூலையில் ஆரம்பித்து ஜனவரி வரை இழுக்கிறார்கள், நமக்கும் ஜலதோஷம் பிடிக்கிறது. அது குறை இல்லை. பிந்திய நாவல்களில் ஸ்வீடன் அரசாங்கத்தைத் திட்டும் பிரசங்கம் கூடிப்போனது, அதுதான் குறை.

சீன எழுத்தாளர் ச்சியூ ஷியாவ்லோங்கின் முதல் நாவல் 1990 ஷாங்காயில் நடக்கிறது. செத்தவள் தேசிய அளவில் முன்மாதிரித் தொழிலாளி என்று பட்டம் வாங்கியவள். அதனால் அவள் வாழ்க்கையில் ரகசியம் இருந்ததென்று கண்டுபிடிப்பதே கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தர்மசங்கடம். எனக்கு அதைவிடப் பிடித்தது, துப்பறியும் அதிகாரி சென்னுக்கு அலுவலகம் ஒதுக்கித் தருகிற சின்ன ஃபிளாட். கூட வேலை பார்க்கும் யூ, மனைவி மகனோடு அப்பா வீட்டின் ஒற்றை அறையில் கிடக்கிறார். சென்னோ கல்யாணமாகாத ஆள். விசாரணை முழுக்க இரண்டு பேருக்கும் நடுவில் அந்த ஃபிளாட் நின்றுகொண்டிருக்கிறது. வீட்டு ஒதுக்கீடு கிடைத்த அரசு ஊழியரைப் பக்கத்து மேசைக்காரர் எப்படிப் பார்ப்பார் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டாம்.

இப்போது வருகிறவற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். உலகத்தில் ஊருக்கு ஒரு துப்பறிவாளர் வந்துவிட்டார். அட்டையில் பனி, அல்லது ஆலிவ் மரம். விவாகரத்தான, குடிக்கிற, மகளோடு பேச்சுவார்த்தை இல்லாத ஒரு போலீஸ்காரர். மூன்று பக்கத்துக்கு ஒருமுறை உள்ளூர்ச் சாப்பாடு. டூர் பேக்கேஜில் பிணத்தையும் சேர்த்துவிட்டால் போதும் என்றாகிவிட்டது. சாப்பாடு வருவதில் எனக்குச் சண்டை கிடையாது. சிசிலியின் இன்னொரு எழுத்தாளர் ஆந்த்ரேயா கமில்லேரி, எழுபதை நெருங்கும் வயதில் 1994ல் தொடங்கிய இன்ஸ்பெக்டர் மொந்தல்பானோ நாவல்களில் பக்கம் பக்கமாகச் சாப்பிட வைக்கிறார். ஆனால் அங்கே இன்ஸ்பெக்டருக்குச் சமைத்துப் போடும் அதெலீனாவின் மகன்கள் திருடர்கள். அவரே பிடித்து உள்ளே போட்டவர்கள். அந்தச் சமையலறைக்குள் ஊர் முழுவதும் இருக்கிறது.

ஊரும் கொலையும் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டதற்கு நிஜத்திலேயே பயங்கரமான உதாரணம் ஒன்று உண்டு. ஆர்தர் அப்ஃபீல்ட் 1929 வாக்கில் மேற்கு ஆஸ்திரேலியாவில் முயல் தடுப்பு வேலியைக் காவல் காக்கும் வேலையில் இருந்தார். ஆள் நடமாட்டமில்லாத அந்த வெளியில் ஓர் உடலை மிச்சமே இல்லாமல் எப்படி மறைப்பது என்று, தன் அடுத்த நாவலுக்காக, சக தொழிலாளிகளிடம் யோசனை கேட்டார். ஒருவர் வழி சொன்னார். அது ஒரு பேச்சாகவே அங்கே சுற்றியது. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஸ்னோவி ரோல்ஸ் என்ற ஆளும் இருந்தான். அடுத்த மாதங்களில் மூன்று பேர் காணாமல் போனார்கள். சாம்பலில் கிடைத்த ஒரு கல்யாண மோதிரம் அவனைக் காட்டிக்கொடுத்தது. வழக்கில் அப்ஃபீல்டே சாட்சிக் கூண்டில் ஏறினார். 1932ல் ரோல்ஸைத் தூக்கில் போட்டார்கள். நாவல் அதற்கு முந்தைய வருஷமே வெளிவந்திருந்தது. புத்தகம் நன்றாக விற்றதாம். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும்.

உடலை மறைக்க அத்தனை பெரிய பாலைவனம் வேண்டியிருந்தது அங்கே. நம் கிராமங்களில் அந்தக் கஷ்டம் கிடையாது என்று நினைக்கும்போதுதான் தமிழில் இன்னும் எழுதப்படாத ஒரு கொலைக்கதை எனக்குத் தெரிகிறது. நம் ஊரில் சாவுச் செய்தி வந்ததும் முதல் கேள்வி எப்படி என்பது. இரண்டாவது, எப்ப எடுக்கிறாங்க. காலையில் போன உயிர் என்றால் சாயங்காலத்துக்குள் எடுத்துவிட வேண்டும். பங்காளிகள் கூடுவார்கள், பந்தல் விழும், தேர் கட்டுவார்கள், பறையடிக்க ஆள் வந்துவிடும். இத்தனை பேர் இத்தனை வேகமாக ஒத்துழைத்து ஒரு தடயத்தை எரித்துவிட்டு, குளித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். ஒருவர் மேலும் தப்பு சொல்ல முடியாது. நெஞ்சுவலி என்று வீட்டில் சொன்னார்கள், முடிந்தது.

சட்டம் இதற்கு ஒரு வாசல் வைத்திருக்கிறது. சந்தேக மரணம் என்று யாராவது புகார் கொடுத்தால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு, இப்போது புதுச் சட்டத்தில் 194. பிரேத விசாரணை, அக்கம்பக்கத்துப் பஞ்சாயத்தார் கையெழுத்து. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் பெண் இறந்தால் ஆர்.டி.ஓ. விசாரணை. ஆனால் அந்தப் புகாரைக் கொடுக்க ஒரு ஆள் எழுந்து நிற்க வேண்டும். பாடையைப் பிடித்து நிறுத்துகிறவனை ஊர் லேசில் மன்னிக்காது. சிசிலியின் பலகாரக்காரன் நம்மிடம் வந்தால் அந்நியமாக உணரமாட்டான்.

இதில் சமீபத்தில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது: ஃப்ரீசர் பாக்ஸ். மகன் துபாயில், மகள் நியூ ஜெர்சியில் என்றானபின் யாரும் சாயங்காலமே எடுப்பதில்லை. கண்ணாடி மூடி போட்ட குளிர்பெட்டி வாடகைக்கு வந்துவிடுகிறது, உடல் ஒரு நாள், இரண்டு நாள் கூடத்தில் இருக்கிறது. துப்பறிவாளருக்கு முன்பு கிடைக்காத நேரம் இது. என் கதையில் அவர் போலீஸோ வக்கீலோ இல்லை. பெட்டி வாடகைக்கு விடுகிற ஆள்தான். எல்லா ஜாதி வீட்டுக்கும் போகிறவர். உடலைத் தூக்கிப் பெட்டியில் வைக்கும்போது கழுத்தையும் மணிக்கட்டையும் பக்கத்திலிருந்து பார்க்கிறவர். இத்தனை வருஷத்தில் எத்தனையோ நெஞ்சுவலிகளைப் பார்த்திருப்பார், இது நெஞ்சுவலி இல்லை என்று ஒருநாள் அவருக்குத் தோன்றுகிறது. அவருக்கு இன்னும் வாடகைப் பணம் வரவேண்டியிருக்கிறது. துபாய் விமானம் விடிகாலை மூன்றரைக்கு இறங்குகிறது. அதற்கு முன்னால் எடுத்துவிடலாம் என்று வீட்டில் ஒருவர் மட்டும் அவசரப்படுகிறார். எழுத ஆசைப்படுகிறவர்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஊர் மட்டும் ஊட்டியாக இருக்கக்கூடாது.